அக்கா படித்த ஜப்பானிய உருபுகள்

மழையில் நனைந்து காய்ந்த காகிதத்தின் புளிப்பு வாசனை அந்தப் புத்தகத்துக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த என் அக்கா செல்லம், மதுரைப் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிவந்த ஜப்பானிய மொழிப் பாடநூல் அது. கடலை உடைத்துக்கொண்டே சிறுமியான எனக்கும் சொல்லித்தருவாள்.

"நம்ம பாஷை மாதிரியேதான் புள்ள. பேருக்குப் பின்னாடி ஒட்டு வரும். 'ஓ' வந்தா நம்ம 'ஐ'. 'நி' வந்தா 'கு'. கடைசில 'கா' வந்தா கேள்வி. 'போறீகளா'ன்னு இழுக்குறோம்ல, அந்த 'ஆ'."

'மிஸு' தண்ணீர், 'மிஸு ஓ' தண்ணீரை. 'வா' மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. "யாரப் பத்திப் பேச்சோ அவுகளுக்குப் பின்னாடி அத வைக்கணும்" என்பாள்.

ஒரு நாள் நானும் அக்காவும் போயிருந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜப்பானியர் வழி தெரியாமல் நின்றார். கோயில் படமொன்றை நீட்டி நீட்டிக் காட்டினார். கூடி நின்றவர்கள் சிரித்தார்களே தவிர உதவவில்லை. படத்தைப் பார்த்த அக்கா, "காளையார்கோவில் நி இகிமஸ் கா?" என்றாள். காளையார்கோவிலுக்குப் போகிறீர்களா, அவ்வளவுதான். அந்த மனிதர் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். சரியான பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தோம்.

நாங்கள் வீடு சேரும் முன்பே சேதி சேர்ந்திருந்தது.

"நடு பஸ் ஸ்டாண்டுல அந்நிய ஆம்பளகூட என்ன பேச்சு?" என்றார் பெரியப்பா.

"கோயிலுக்குப் போறீகளான்னு கேட்டேன் பெரியப்பா. அம்புட்டுத்தான்."

"இதுக்குத்தான் படிக்க வச்சோமா?"

புத்தகம் வெந்நீர் அடுப்புக்குள் போனது. கல்லூரி நின்றது. தை மாதத்தில் கல்யாணம். தச்சாசாரியான என் அப்பா, அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சின்றி இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெரியப்பாவைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம். இன்றும் ஆறவில்லை.

போன மாதம், ஜப்பானில் வேலை கிடைத்ததற்காகப் பெரியப்பாவின் பேரனுக்கு, உறவுக்காரர் கல்யாண மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். நம் குடும்பத்தில் ஜப்பானிய மொழி படித்த முதல் ஆள் என்று ஒலிபெருக்கியில் புகழ்ந்தார்கள். பக்கத்தில் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"மொத ஆளு இங்கன உக்காந்திருக்காக. அவுக புத்தகத்த எரிச்சது இந்தக் குடும்பந்தான்" என்றேன்.

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"விடுடீ. எனக்கு அதுல ஒரு எழுத்துகூட இப்ப ஞாபகத்துல இல்ல" என்றாள்.