அப்பா பெயரில் வந்த தாள்

அடி அண்ணாமலை கிராமத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் டவுன் பள்ளிக்கூடத்தில் கொட்டுவது அப்பாவின் வேலை. வேன் டிரைவர். அந்த வேலைக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. எங்கோ ஒரு டிரைவர் ஸ்டியரிங்கிலேயே மாரடைத்துச் சாய்ந்துவிட்டாராம். எல்லா டிரைவரும் ஊரில் நடக்கும் மருத்துவ முகாமில் நெஞ்சைக் காட்டிச் சீட்டு வாங்கி வரவேண்டும் என்று பள்ளிக்கூட முதலாளி சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அடிக்கடி மார்பில் எரிச்சல். ஓமத் தண்ணீர் குடித்து ஏப்பம் விட்டுச் சமாளிப்பார். வாயு என்று ஊருக்குச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம். அதனால் தனக்குப் பதில் சித்தப்பாவை அனுப்பினார். எங்களோடு இருந்த சித்தப்பா, செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஆதார் அட்டைப் படத்தில் அண்ணன் எது, தம்பி எது என்று பெற்றவளே திணறுவாள்.

"உனுக்கு என்னாடா, கல்லு கணக்கா இருக்க. போய் படுத்துட்டு வா," என்றார் அப்பா.

துணைக்கு நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. முகாமில் அவரை அப்பா என்று கூப்பிடச் சொன்னார் சித்தப்பா. தேவையே இல்லாமல் நாலு தடவை கூப்பிட்டேன்.

சித்தப்பா சட்டையைக் கழற்றிப் படுத்தார். மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். மிஷினிலிருந்து வந்த தாளை டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார்.

"மூச்சு வாங்குதா? தோள்பட்ட வலிக்குதா?"

"வேல செய்ற உடம்பு, வலிக்காம இருக்குமா மேடம்?"

"நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க."

நான் தாளை எட்டிப் பார்த்தேன். தாளில் இருந்தது அப்பா பெயர். அப்படியானால் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது! அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போதெல்லாம் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள் மாறிய கதை தெரியாத அம்மா, உப்பில்லாமல் குழம்பு வைத்து மூக்கைச் சிந்தினாள். வரும் பௌர்ணமிக்கு மலையை இரண்டு சுற்று வருவதாக வேண்டிக்கொண்டாள். முகாமிலிருந்து சேதி தெரிந்து முதலாளி வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் அப்பா தானே போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வயிற்றுப்புண்தான், காரத்தைக் கம்மி பண்ணுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் கல்யாணக் களை. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். சாவி திரும்பி வந்தது. "முகாம்ல இருந்தது கோளாறு மிஷினு," என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பழைய தாளை அடுப்பில் போட்டார். "ஓசி மிஷினு வேற எப்டி இருக்கும்?" என்று சித்தப்பா சிரித்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா அந்தப் பக்கம் போனதும் அப்பா குரலைத் தாழ்த்தினார். "நீயும் ஒருவாட்டி காட்டிட்டு வாயேன்டா."

"ஒரு நாள் லோடு போய்டும்ண்ணா. மழ வரட்டும், அப்ப சும்மாதான இருக்கப்போறேன்."

அப்பா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மழை வருவதற்குள் ஒருநாள் காலையில், வேங்கிக்காலில் புதுவீடு ஒன்றுக்குக் கல் இறக்கிக்கொண்டிருந்த சித்தப்பா, கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாராம். எழுந்திருக்கவில்லை.

"ஒரு தலவலினு படுத்ததில்லயே," என்று சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாகச் சொன்னார்கள். "யார் கண்ணு பட்டுச்சோ," என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் தெருமுனையில் நின்ற வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பங்காளிகள் கூப்பிட்டும் இறங்கவில்லை. தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு அழுகையாக வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

வாங்கிக்கொண்டார்; குடிக்கவில்லை. "அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா," என்றார்.

எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.