செட்டிகுளத்து மலையில் எங்கள் கரும்புத் தொட்டில்

செட்டிகுளம் முருகன் கோயிலுக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வழி சொல்ல உட்கார்ந்தால், ஆறு வருடம் முன்பு, 2001 தை மாதம் அக்காவோடும் மாமாவோடும் போனதுதான் கண் முன்னால் நிற்கிறது. அதையே சொல்லிவிடுகிறேன், வழி நடுவில் வந்துவிடும்.

பிள்ளை வரம் கேட்டவர்கள், வரம் கிடைத்ததும் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை அதில் போட்டு, தாயும் தகப்பனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துச் சந்நிதியைச் சுற்றி வருவது அங்கே வழக்கம். அக்காவும் வேண்டியிருந்தாள். ஒன்பது வருடம் ஆகியும் பிறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தையை முறைப்படி தத்தெடுத்தார்கள்.

"பெத்த புள்ளைக்குத்தானே தொட்டிலு? சாமி குத்தம் ஆயிடுமோடா தம்பி?"

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறியதிலிருந்து அக்காவுக்கு இதே கேள்விதான். மாமாவோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரில் யாராவது குழந்தையைப் பற்றி விசாரித்தாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நழுவிவிடுகிற மனுஷன் அவர்.

அரியலூர் வழியாகப் பெரம்பலூர் வந்து, பஸ் ஸ்டாண்ட் வாசலில் இரண்டு செங்கரும்பு வாங்கினோம். அதை டவுன் பஸ்ஸில் ஏற்ற நான் பட்ட பாடு அந்த முருகனுக்கே வெளிச்சம். "சார், யாரு கண்ணுலயும் குத்திடாதீங்க! தோகைய வெட்டிட்டு ஏறக் கூடாதா?" என்று கண்டக்டர் கத்தினார். ஆலத்தூர் கேட்டில் திருச்சி ரோட்டை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஊருக்குள் அப்பா ஏகாம்பரேஸ்வரர், எதிரே குன்றின்மேல் மகன். காட்டில் மறைந்து கிடந்த லிங்கத்தைத் தேடி வந்த அரசனுக்கு, கரும்பை ஊன்றிக்கொண்டு வந்த ஒரு கிழவர் இடத்தைக் காட்டிவிட்டு மறைந்தாராம். அவர்தான் முருகன் என்கிறார்கள். அதனால் இங்கே கையில் தண்டத்துக்குப் பதில் கரும்பு. பழனியில் மொட்டை என்றால் இங்கே குடுமி வேறு! பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேலே நாலைந்து தொட்டில்கள் வரிசையில் நின்றன. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மா வேப்பந்தட்டைப் பக்கமாம். எங்கள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "யாரு ஜாடைன்னே தெரியலியே! எந்த ஆஸ்பத்திரியில பொறந்துச்சு?" என்று கேட்டார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினேன்.

மாமா முந்திக்கொண்டார்.

"நாங்க பெக்கலீங்க, எடுத்து வளக்குறோம். உள்ள நிக்கிறாரே, அவரும் வயித்துல பொறந்தவரு இல்லீங்க. பொய்கையில கெடந்தவர ஆறு பேரு எடுத்து வளத்தாங்க. எம் பொண்ணுக்கு நாங்க ரெண்டு பேரு."

அந்த அம்மா கிள்ளிய கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு தன் மகனையும் மருமகளையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, "நீங்க முன்னால போங்க தம்பி," என்றார்.

மாமா முன்முனையைத் தூக்கினார், அக்கா பின்முனையைத் தோளில் வாங்கினாள். கரும்பு வளைந்ததைப் பார்த்து நான் அடியில் கையைக் கொடுத்தேன். நல்லவேளை, ஒடியவில்லை. அக்கா அழுதுகொண்டே சுற்றினாள். சொல்வதற்கென்ன, நானும்தான் அழுதேன்.

அன்று தொட்டிலில் கிடந்தவளுக்கு இப்போது ஆறரை வயது. முருகன் கதை சொல்லச் சொன்னால் பாதியிலேயே தன் கதைக்குத் தாவிவிடுகிறாள்.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள். படிகள் இருநூற்றுச் சொச்சம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று நின்று ஏறலாம். கரும்பைத் தடியாகப் பார்த்து வாங்கி, இரண்டாகச் சேர்த்துக் கட்டுங்கள். பெற்ற பிள்ளையா என்று சந்நிதியில் யாரும் கேட்பதில்லை. வரிசையில் கேட்பார்கள். சொல்லிவிடுங்கள், முன்னால் விடுவார்கள்.