தட்டைப் பார்க்கும் ராஜா

நடிகர் தேர்வு வேலையில் பாதி, வந்தவர்களிடம் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று சொல்வது. மீதிப் பாதி, சொல்லி அனுப்பாமல் இருப்பது. ஆட்களைக் காத்திருக்க வைத்தே சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு துறைகளிலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எல்லோருக்கும் ஒரு ராஜா

ஐந்து பாக மாயக்கதை நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராகிறது, திருவனந்தபுரத்தில் ஆள் தேடுகிறோம் என்ற செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. நாவலைப் படித்த ஒவ்வொருவரும் மனதுக்குள் ஏற்கெனவே நடிகர்களைத் தேர்வு செய்து வைத்திருந்தார்கள். என்னைத் தினமும் அலுவலகத்தில் இறக்கிவிடும் நாகர்கோவில்கார ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடி வழியாகச் சொன்னார்: “ராஜாவுக்கு யாரை வேணாலும் போடுங்க மேடம். நான் படிச்ச ராஜா அவரு இல்லன்னு இப்பவே சொல்லிட்டேன்.”

ஆறடி ராஜாக்கள்

போருக்குப் புறப்படும் காலையில் ராஜா தன் வீரர்களுக்குச் சோறு பரிமாறுகிறார். நாவலில் அது ஒரே ஒரு வரி. எங்கள் இயக்குநர் அதையே தேர்வுக் காட்சியாக வைத்தார். வசனம் கிடையாது. உண்மையான சோறு, உண்மையான வாளி. வீரர்களாக உட்கார்ந்து சாப்பிடுவது நானும் அலுவலக ஆட்கள் சிலரும்.

நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் உயரம், எல்லோருக்கும் நல்ல குரல். எல்லோரும் என் கண்ணைப் பார்த்துக் கருணையோடு சோற்றைக் குவித்தார்கள். இயக்குநர் மலையாளி, தமிழ் அவருக்குப் பாதி வரும். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் ராஜாவா நிக்கிறாங்க. சோறு போடற ஆளு ஒருத்தனும் இல்லல்லோ.”

கல்மனிதன்

அந்தச் சோற்றைப் பக்கத்து ஹோட்டலிலிருந்து பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். முகத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள். நாவலில் சாபத்தால் பாதி கல்லான மனிதன் ஒருவன் வருகிறான். அவனுக்கு ஒப்பனை போட மூன்று மணி நேரம் ஆகும் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. அதை அவரிடமே சொல்லவும் செய்தேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

“அஞ்சு பாகத்தையும் நான் படிச்சிருக்கேன் சேச்சி. மூணாம் பாகத்துல அவனுக்குச் சாபம் தீந்து தோலு நல்லாயிரும். எனக்கு ஆவாதுல்லா. அப்ப என்ன செய்வீங்க?”

அவர் கேட்ட வேடம்

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க” என்றார். நடிக்க ஆசை உண்டா என்று கேட்டதற்குத் தயங்கி, “ராஜா” என்றார்.

பதினோரு வருடமாக அந்த ஹோட்டலில் இருக்கிறார். சாப்பிடும் கூடத்துக்குள் முதலாளி அவரை விட்டதில்லை. வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். சமையற்கட்டின் சிறு ஜன்னல் வழியாகத் திரும்பி வரும் தட்டுகளை மட்டும் பார்ப்பார். எந்தத் தட்டுக்காரர் பசியோடு வந்தார், யாருக்கு மனசு சரியில்லை என்பதெல்லாம் மிச்சத்திலேயே தெரியும் என்றார். பிறகு கேட்டார்: “அங்க என்னைப் பரிமாற விடமாட்டாங்க. இங்க விடுவீங்களா?”

மோர்

அவருக்கும் அதே தேர்வுக் காட்சிதான். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்தார். ஒரு கரண்டி வைத்தார், அடுத்த தட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது என் சோறு அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு அது ஆறாவது சாப்பாடு. மற்ற ராஜாக்கள் அதன் மேலேயே இன்னும் குவித்தவர்கள். இவர் கரண்டியை வாளிக்குள் திரும்பப் போட்டார். பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், காட்சியில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: “பயத்துல சோறு இறங்காதுடே. மோர் மட்டும் குடி.”

நாங்கள் எல்லோரும் கொடைக் காட்சி என்று படித்த வரி அது. இயக்குநர் “ஆளு இதுதன்னே” என்றார்.

ஒப்பனை

படப்பிடிப்பின் முதல் நாள் திட்டுகளை மறைக்கலாம் என்றார் ஒப்பனைக்காரர். மறைக்கக் கூடாது, நன்றாகத் தெரிய வேண்டும், ராஜாவுக்கும் ஒரு கதை கிடைக்கும் என்றார் உதவி இயக்குநர். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் அவரையே கேட்டேன்.

“மறைக்கவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம் சேச்சி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

திரும்பப் படித்தவர்

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள் ஆட்டோக்காரர் கரமனைப் பாலம் தாண்டியதும் சொன்னார்: “நான் படிச்ச ராஜா அவரு இல்லதான் மேடம். ஆனா நேத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். அவருதான் வாராரு.”

ஐந்து பாகமும் படித்த ராஜா தினமும் பின்வாசலில் வாளியோடு வந்துகொண்டிருந்தபோது, முன்வாசலில் நாற்பது பேரிடம் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பெயர்தான் என் அனுபவம்.