இடது சீட்டுக்காரி

கெல்வின் ட்ரெவிக்குக்கு இனிமேல் வண்டி ஓட்டத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய நரம்பு டாக்டர் பிரிஸ்பேனில் இருந்தார். லாங்ரீச்சிலிருந்து பிரிஸ்பேன் ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர். அந்த டாக்டரைப் பார்க்கத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, அதுவும் ஒரே நாளில் போய்ச் சேருவதாக கெல் முடிவு செய்தபோது, ஊரில் ஒருவருக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

"ஒரே மூச்சுல ஓட்டிட்டு வந்தேன்னு சொல்லு கெல். அந்தம்மா உன்னைத் தொட்டுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டுடும்" என்று பாரில் ஆளாளுக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

லாங்ரீச் ஆண்களின் கதை இதுதான். தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். உள்ளூர்க்காரர் மணிக்கணக்கில்தான் சொல்வார், சொல்லும்போது ஒரு மணி நேரத்தைக் குறைத்தும் சொல்வார். வழியில் ஒரு ராத்திரி தங்கிப் போனேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊர் பேசும். கெல் முப்பத்தோரு வருஷம் ஆட்டு லாரி ஓட்டியவர். வழியில் தங்கினதே இல்லை. அந்த மாநிலத்தில் எழுபத்தைந்து வயதானால் லைசென்ஸோடு டாக்டர் சான்றிதழும் வேண்டும். அவருக்கு வருகிற மாதம் எழுபத்தைந்து. புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளூர் டாக்டர் அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கெல் வரைந்ததைப் பார்த்துவிட்டு பிரிஸ்பேனுக்குக் கடிதம் எழுதினார்.

இந்தக் கதை கெல்லைப் பற்றியதல்ல. அவரைப் பற்றிப் பேச பாரில் ஆள் இருக்கிறது. இது அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்த டெஸ்மாவைப் பற்றியது.

டெஸ்மா இருபத்தொரு வயதில், கடலோரத்து ராக்ஹாம்ப்டனிலிருந்து லாங்ரீச் தபால் ஆபீஸுக்குக் கடிதம் பிரிக்கிற வேலைக்கு வந்தாள். அடுத்த வருஷம் கெல்லைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேனிலவுக்கு பிரிஸ்பேன் போனார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், கடலைப் பார்க்க ஒரு நாள். அன்றைக்கு இடது சீட்டில் உட்கார்ந்தவள்தான், நாற்பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. மனிதர் ஸ்டீயரிங்கை யாரிடமும் கொடுக்க மாட்டார். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. ஊருக்குள் கடைக்குப் போய்வருவதோடு சரி.

சும்மா உட்கார்ந்து வருகிறாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அந்த ரோடு தெரியாது. முட்டை உரித்துக் கையில் கொடுக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் சிந்தாமல் டீ ஊற்ற வேண்டும். ரோட்டோரப் புல்லில் நிற்கிற கங்காருவைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வலது ஓரத்துக் கங்காரு அவர் பொறுப்பு, இடது ஓரத்துக் கங்காரு இவள் பொறுப்பு. பேசிக்கொண்டே வர வேண்டும். தூங்கக் கூடாது, தூக்கம் அவரையும் தொற்றிக்கொள்ளும். ஐந்து மாதக் கர்ப்பத்திலும் அவள் கண்ணை மூடாமல் வந்திருக்கிறாள். மகன் இப்போது நாட்டின் அந்தக் கோடியில் சுரங்கத்தில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்.

புறப்பட்ட புதன்கிழமை, விடியும் முன்பே பார்க்கல்டைன் தாண்டிவிட்டார்கள். டாம்போ ஊரைத் தாண்டி ரோடு நேராக விழுந்த இடத்தில், கெல் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்கினார்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. எதிரே வண்டி வந்தால் விரலைத் தூக்க வேண்டும். தெரிந்தவரோ தெரியாதவரோ, எதிர்ப்பட்டவர் ஒரு மனுஷன், அவ்வளவுதான். தூக்காதவன் நகரத்துக்காரன். டெஸ்மா எதிரே பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது. அடிபட்டுக் கிடந்த ஒரு கங்காருவின் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

"யாருக்குக் கெல்?"

"அந்த வெள்ளை வண்டிக்கு. நீ பாக்கலையா? கண்ணாடியத் தொடை, டெஸ்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இதை நினைத்துத்தான் அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள். நாற்பத்தொன்பது வருஷப் பழக்கம், சந்தேகம் வந்ததும் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்.

துடைத்த கண்ணாடியோடு எண்ணத் தொடங்கினாள். அகதெல்லா போய்ச் சேருவதற்குள் கெல் ஏழு முறை விரல் தூக்கினார். எதிரே வந்த வண்டிகள் இரண்டு. அதில் ஒன்று மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரி. அது காற்றை வாரி அடித்துக்கொண்டு உரசினாற்போலக் கடந்து போனது. கெல்லின் விரல் அசையவே இல்லை. அவர் கண்ணும் அதன் பக்கம் போகவில்லை.

அகதெல்லாவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். அவள் வண்டியைச் சுற்றி வந்து டிரைவர் கதவருகே நின்றாள்.

"கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேனே."

"நீயா?" கெல் சிரித்தார். "ரொட்டி வாங்கப் போற ரோடுன்னு நெனச்சியா? ஒரு மாட்டு லாரி எதிர்ல வந்தா நீ பயந்துகிட்டு பக்கத்து மாநிலத்துல போய் நிப்பே."

"விளையாடாத கெல். உனக்குக் களைப்பா இருக்கு."

"எனக்கா?" என்று கேட்டவர் அவளை உற்றுப் பார்த்தார். "டெஸ், நாளைக்கு அந்த டாக்டர் உன்னையும் கேக்கும். வீட்ல எப்படி இருக்கார், ரோட்ல எப்படி இருக்கார்னு. நல்லா இருக்கார்னு சொல்லு. லைசென்ஸ் போச்சுன்னா நம்ம ஊர்ல நான் எதுக்கு? வாசல்ல கட்டிப் போட்ட கிழட்டு நாய் மாதிரி கிடக்கவா?"

அவள் போய் இடது பக்கம் ஏறிக்கொண்டாள். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அங்கே வண்டி இல்லாதவரின் உலகம் அஞ்சலகத்தோடு முடிந்துவிடும்.

மிட்செல் தாண்டி ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. அரை மைலுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகைகள் இருந்தன. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றாள். கெல் அவளைப் பார்த்து விரலைத் தூக்கினார். அவளும் சிரித்துக் கையைத் தூக்கினாள். வண்டி வேகம் குறையவில்லை.

"கெல்" என்றாள் டெஸ்மா. பிறகு கத்தினாள். பிறகு தானே எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வண்டி மண்ணில் இறங்கி, பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போய்த்தான் நின்றது. புழுதி அடங்கியபோது பலகை ரோட்டில் கிடந்தது. அந்தப் பெண் பள்ளத்தில் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

வந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கையில் ரத்தம்.

"யோவ் பெருசு, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்றாள். "கையத் தூக்கி ஹலோ சொன்னியே. நீ பாத்துட்டேன்னுதானே நான் நின்னேன். பாத்துட்டேன்னுதானே…"

"வெயில் கண்ணுல அடிச்சுதும்மா" என்றார் கெல், பணிவாக. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "இல்ல டெஸ்?"

மணி பதினொன்று. வெயில் நடுமண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் விழ அதற்கு வழியே இல்லை.

"ஆமாம்மா. வெயில்தான்" என்றாள் டெஸ்மா.

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சம் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டரும் டெஸ்மாவோடு வந்தது அந்தப் பார்வைதான். கெல் உற்சாகமாக ஓட்டினார். காலியான ரோட்டில் யார் யாருக்கோ விரலைத் தூக்கிக்கொண்டே வந்தார். பகல் வெளிச்சத்திலேயே பிரிஸ்பேன் வந்து சேர்ந்தார்கள். மோட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு கடிகாரத்தைப் பார்த்து, "நம்ம பழைய நேரத்தைவிட பத்து நிமிஷம்தான் கூட" என்றார்.

மறுநாள் டாக்டர் வெனிங் கெல்லிடம் ஒரு மணி நேரம் எதையெதையோ எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியில் எதிர்பார்த்தது போலவே டெஸ்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ரோட்ல ஏதாவது கவனிச்சீங்களா?"

கெல் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைக்காக அவள் எதையும் செய்வாள், செய்தும் இருக்கிறாள்.

"நேத்து இவர் ஒரு பொண்ணக் கொல்லப் பாத்தார் டாக்டர்" என்றாள் டெஸ்மா. "வெயில்னு நான் பொய் சொன்னேன்." பிறகு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கெல் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். "சரிங்க டாக்டர்" என்றார் கெல். ராத்திரி மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்தாள், பாதி தின்றார், படுத்தார். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு அவள் இரண்டு டிக்கெட் எடுத்து வைத்தாள். வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாவியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அது ஒன்றுதான் அவள் செய்யாமல் விட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்து, அவள் பல் துலக்கிவிட்டு வெளியே வந்தபோது பெட்டிகள் வண்டியில் ஏறியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கெல் உள்ளிருந்தபடியே எட்டி இடது கதவைத் திறந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான் திறந்துவிடுவார்.

"கெல், இறங்கு. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா?"

அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஏற மாட்டேன் கெல். இந்தத் தடவை ஏற மாட்டேன்." நாற்பத்தொன்பது வருஷத்தில் அவள் சொல்லாத சொல். சொன்ன வேகத்தில் கதவை அறைந்து சாத்தினாள். கதவு சாத்தியதுதான் தாமதம், வண்டி நகர்ந்தது. வாசலைத் தாண்டியது, திரும்பியது, போய்விட்டது. மணி ஐந்து இருபது.

கோபத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் உட்கார முடியவில்லை. இப்போது மலை ஏற்றம் ஏறி முடித்திருப்பார், இப்போது டூவூம்பா, இனிமேல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரோடு கடக்கிற நேரம். அவள் போலீஸைக் கூப்பிட்டாள். அவர் பெயரை, வண்டி நம்பரை, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். தன் புருஷனைத் தானே காட்டிக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"எந்தப் பக்கம் போயிருப்பார்மா?" என்று கேட்டான் போனை எடுத்த கான்ஸ்டபிள். சின்ன வயசுக் குரல்.

"ஏழே முக்காலுக்கு டால்பி. அங்க நிறுத்த மாட்டார். எட்டே முக்காலுக்கு சின்சில்லா. அங்க பூங்காவை ஒட்டி ஒரு கழிப்பறை இருக்கு, அதுல நிறுத்துவார்."

"இவ்வளவு கரெக்டாவா?"

"நிறுத்துவார். தம்பி, உங்க ஆளுங்க யாரையும் ரோட்டுக்குக் குறுக்க நிக்க வெக்காதீங்க. அவர் பாத்துக் கையத் தூக்குவார். பாத்துட்டார்னு நெனச்சுடாதீங்க."

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்சில்லாவிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் போன் செய்தான்.

"நிறுத்திட்டோம்மா. பூங்காகிட்டதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல."

டெஸ்மா அழுதாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"ரொம்பக் கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். "என்னைத் திட்டுறாரா?"

"கோவமா? இல்லையே. ரொம்ப மரியாதையாப் பேசறார். ஆனா எங்களோட வர மாட்டேங்கறார்." கான்ஸ்டபிள் தயங்கினான். "பெண்கள் கழிப்பறை வாசல்லயே நிக்கிறார்மா. என் சம்சாரம் உள்ள போயிருக்கா, அவ வந்துடட்டும், அவளை விட்டுட்டு எப்படி வர்றதுங்கறார். உள்ள யாரும் இல்லன்னு நாங்க திறந்து காட்டிட்டோம். நம்ப மாட்டேங்கறார். நீங்க கொஞ்சம் பேசறீங்களா?"

போன் கை மாறியது. பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"டெஸ்?" என்றார் கெல். குரலில் கவலை. "என்ன இவ்வளவு நேரம்? உடம்பு முடியலையா உனக்கு?"

இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் டெஸ்மா எழுந்து நின்றாள். அவர் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. கதவு சாத்தின சத்தம் கேட்டிருக்கிறது, அவள் ஏறிவிட்டாள் என்று நம்ப அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"வந்துட்டேன் கெல்" என்றாள். "நீ அங்கேயே நில்லு. வண்டியில மட்டும் ஏறாத, நான் வர்ற வரைக்கும்."