பட்டாம்பூச்சி என் வீட்டுக்காரர் இல்ல

இன்னைக்குப் பக்கத்து வூட்டு லலிதாகிட்ட நல்லா சண்டை போட்டேன்.

என் வீட்டுக்காரர் செத்துப் போனதுலேர்ந்து எங்க கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு பெரிய கருப்புப் பட்டாம்பூச்சி வருது. றெக்கையில வெள்ளைப் பட்டை, பின்னாடி வால். "அண்ணன்தான்கா உன்னைப் பார்க்க வர்றாரு, விரட்டாத"ன்னு லலிதா சொன்னா. நானும் நம்பி அதுகிட்ட பேசிக்கினு இருந்தேன்.

அந்தச் செடி அவரு பொத்தேரியில வேலை பார்த்த வூட்டுல கேட்டு வாங்கி, பஸ்ஸுல மடியில வெச்சு தாம்பரம் கொண்டாந்தது. அவரு கையால வெச்சதுன்னு எனக்கு மிச்சம் அது ஒண்ணுதான்.

காலையில பார்த்தா பாதிச் செடி மொட்டை. இலையில காக்கா எச்சம் கீதேன்னு தொட்டா, நெளியுது. புழு! பெரிய பச்சைப் புழு ஒண்ணு சிவப்பா கொம்பை நீட்டுது, நாத்தம் வேற. எல்லாம் அந்தப் பட்டாம்பூச்சி போட்ட முட்டையிலேர்ந்து வந்ததுங்க.

குச்சியால தள்ளினேன். லலிதா ஓடியாந்தா. "ஐயோ அக்கா, அண்ணனைப் போய்..."

"இன்னாடி அண்ணன்? உங்க அண்ணன் முட்டை போடுவாரா?"

மூஞ்சியைத் தூக்கிக்கினு போனவ, சாயங்காலம் வந்து நிக்கிறா. "அக்கா, ரசத்துக்கு ரெண்டு கொத்து கறிவேப்பிலை..."

"உங்க அண்ணன் தின்னுட்டாரு, அவரையே கேளு"ன்னு கதவைச் சாத்திட்டேன்.

மொட்டைக் கிளை திரும்பத் துளிர்க்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அது அவருதான்னு மட்டும் யாரும் கமெண்ட் போடாதீங்க, பிளாக் பண்ணிடுவேன். ஒரு இலை கூடக் கிள்ளினாலே என்னைத் திட்டுவாரு, அவரா வந்து இப்படி மொட்டை அடிப்பாரு?