தையல்நாயகி அக்காவின் மரியாதை

என் பெயருக்கு முன்னால் முதன்முதலில் 'திரு' போட்டவர் தையல்நாயகி அக்காதான்.

எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரிசல்ட் வந்ததும், ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் வைத்தே தீருவேன் என்று வைத்திலிங்கம் மாமா என்னை நெல்லித்தோப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அச்சுக் கடை. ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

"பட்டம் வாங்கினவரு வரலீங்களா?" என்றார் மாமாவிடம்.

"இதோ நிக்கிறானே, இவன்தாம்மா."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "உக்காருங்க தம்பி." பெயரைக் கேட்டார். அதை அடிப்பதற்கு முன்னால் 'திரு' என்று அடித்தார்.

"சின்னப் பையனுக்கு அதெல்லாம் எதுக்கும்மா? எடத்த அடைக்கும்."

"பட்டம் வாங்கிட்டாருங்களே. இனிமே நீங்களும் கொஞ்சம் பாத்துப் பேசணுங்க."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஃபிளெக்ஸ் இப்போது எங்கள் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. 'திரு' உள்ள பக்கம் மாடுகளைப் பார்த்தபடி இருக்கிறது.

அதன்பின் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, நெல்லித்தோப்புக்குப் பக்கத்தில் சாரம் என்ற இடத்தில் அறை எடுத்துத் தங்கினேன். ஜெராக்ஸ் போட, பிரிண்ட் எடுக்க என்று அந்தக் கடைக்கு அடிக்கடி போவேன். போகப் போகத்தான் அக்காவை முழுசாகத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் 'வா, போ, இன்னா' என்று பேசினால்தான் பாசம். அக்காவுக்கு அது வராது. யாராக இருந்தாலும் 'ங்க' போடுவார். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு 'ங்க'. வாசற்படியில் தூங்கும் நாய்க்கு, "கொஞ்சம் தள்ளிக்குங்க." பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுச் சாவு என்றால், "திரு போடலாங்களா, இல்ல முசியேதான் போடணுங்களா?" என்று தனியாகக் கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏங்க்கா, நாய்க்குமா?"

"எங்கம்மா வம்பாகீரப்பாளையத்துலேருந்து தலையில கூடை தூக்கிக்கினு வந்து இந்தத் தெருவெல்லாம் மீனு வித்தாங்க தம்பி. ஒருத்தருக்கும் அவங்க பேரு தெரியாது. 'ஏ மீனு, இங்க வா', அவ்ளோதான். தல முழுக்க நரைச்ச பொறவும், பல்லு விழாத புள்ளைங்ககூட 'மீனு, இன்னா வெச்சிருக்க'ன்னுதான் கேக்கும். நான் இங்க வேலைக்கு வந்த வருஷம் அவங்க தவறிட்டாங்க. நான் தனியா செஞ்ச மொத போஸ்டர் அவங்களுதுதான். 'திருமதி வீராயி அவர்கள்'னு பெரிய எழுத்துல போட்டேன். தெருவே நின்னு படிச்சுது. அந்தம்மா பேரு வீராயியான்னு அன்னிக்குத்தான் கேட்டாங்க."

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பேப்பர் அடுக்கப் போய்விட்டார்.

அக்காவின் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். முன்பு ஒருமுறை அது வைரஸ் பிடித்துப் படுத்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனது. அதில் மூவாயிரத்துக்கு மேல் ஃபாண்ட் வைத்திருந்தார். யாராவது அப்பா காலத்துப் பத்திரிகையைக் கொண்டுவந்து "இதே மாதிரி எழுத்து வேணும்" என்றால், எங்கெங்கோ தேடி அந்த எழுத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவார். எதையும் அழிக்க மாட்டார்.

போன மழைக்காலத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு பெரிய அப்டேட் ஓடி முடிந்த மறுநாளிலிருந்து, பாஸ்வேர்டு அடித்தால் வெறும் நீலத் திரை. அதன் நடுவில் அம்புக்குறி மட்டும் அனாதையாக நிற்கும். ஐகான்கள் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மழை என்பதால் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சாவு வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் பொறுமை இழந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"செத்தவரு காத்திருப்பாரும்மா, போஸ்டர் அடிக்க வர்ற மச்சான் காத்திருக்க மாட்டான்," என்றார் கடை முதலாளி அரிகிருஷ்ணன். "திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்கும் மேல முடியாது. டிசைன வெளிய குடுத்து வாங்கிக்கிறேன். ஜெராக்ஸ நானே போட்டுக்குவேன்."

அப்படியென்றால் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை.

சனிக்கிழமை எனக்கு போன் வந்தது. "தம்பி, நேரம் இருந்தா மட்டும் வாங்க. இல்லன்னா பரவால்லீங்க." குரல் அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை போனேன். அக்கா ஷட்டரைப் பாதி ஏற்றிவைத்துக் காத்திருந்தார். பாஸ்வேர்டு அடித்தார். அதே நீலத் திரை. எனக்கு ஃபாண்ட்டுகள் மேல்தான் சந்தேகம். அந்த ஃபோல்டரை மட்டும் தற்காலிகமாக வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு உள்ளே நுழைந்து பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

"ஃபாண்ட்டாலதாங்க்கா. பாதியத் தூக்கிட்டா சரியாயிடும்."

அக்காவின் முகம் சுருங்கியது. "யாருத தூக்குறதுங்க? அம்மா போஸ்டருக்குப் போட்ட எழுத்துகூட அதுலதான் இருக்கு. அப்டேட்டுக்கு முன்னயும் இத்தனையும் இருந்துச்சுங்களே. அப்ப வேகமாத்தான தொறந்துச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி. ஃபாண்ட்டுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். "புதுசா ஒரு ஃபாண்ட் வந்தா எப்படிச் சேப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

டெர்மினலைத் திறந்தார். கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும், நெற்றிக்குப் பொட்டு வைப்பதுபோல், 'sudo' என்று அடித்துக்கொண்டே போனார். ஃபாண்ட்டைக் காப்பி செய்ய, ஃபாண்ட் பட்டியலைப் புதுப்பிக்க, கடைசியில் ஃபோல்டரைச் சும்மா எட்டிப்பார்க்கக்கூட.

"எல்லாத்துக்கும் ஏங்க்கா சுடோ போடுறீங்க?"

"அது மரியாதைங்களே தம்பி."

"என்னது?"

"லினக்ஸு போட்டுக்குடுத்தாரே, அந்தத் தம்பி சொன்னாரு. சுடோ போட்டுச் சொன்னா கேக்கும், போடலன்னா கேக்காதுன்னு. நம்ம 'ங்க' போடுற மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். நாம மரியாதையா கேட்டா அதுவும் 'யாருங்க நீங்க'ன்னு பதிலுக்குக் கேக்கும். பாஸ்வேர்டு அடிப்பேன். செஞ்சுடும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

"அக்கா, அது மரியாதை இல்ல, அதிகாரம். சுடோ போட்டா, 'பெரிய முதலாளி சொல்றேன், செய்டா'ன்னு அர்த்தம்."

சிரிப்பு நின்றது. "ஐயய்யோ. அப்ப இத்தன வருஷமா அத அதட்டிக்கினா இருந்தேன்?"

கோளாறு அங்கேதான் இருந்தது. இருக்கிற ஃபாண்ட்டுகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். அடுத்தமுறை அதைப் பார்த்தால் போதும். அக்கா சுடோ போட்டே அந்தப் பட்டியலை உண்டாக்கியதால், அது இருக்கும் ஃபோல்டர் அக்காவின் பெயரில் இல்லாமல், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்தப் 'பெரிய முதலாளி' கணக்கின் பெயரில் பதிவாகியிருந்தது. படிக்கலாம், எழுத முடியாது. அப்டேட் வரும்வரை படிப்பதே போதுமாக இருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு பழைய பட்டியல் செல்லாது என்று ஆகிவிட்டது. அக்கா உள்ளே நுழையும்போதெல்லாம் கம்ப்யூட்டர் மூவாயிரத்தையும் முதலிலிருந்து பார்த்துப் புதுப் பட்டியல் போடும். எழுதி வைக்க அனுமதி இல்லாமல் மறந்துபோகும். அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து.

"ஃபோல்டர உங்க பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது. ஆனா அதுக்கு மட்டும் ஒரு தடவ சுடோ போட்டுத்தான் ஆகணும்," என்றேன்.

அக்கா கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே அதட்டுங்க தம்பி. எனக்கு மனசு வரல."

ஒரு வரிதான். அதன்பின் அக்காவின் பெயரிலேயே புதுப் பட்டியல் போடவைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டோம். பாஸ்வேர்டு அடித்த கையை அக்கா எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. நம்பாமல் மறுபடி அணைத்தார். மறுபடியும் அப்படியே. மானிட்டரின் ஓரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க," என்றார். என்னிடம் இல்லை.

திங்கள் காலை, ஆபீஸ் போகும் வழியில் நானும் கடையில் நின்றேன். அரிகிருஷ்ணன் டீக் கிளாஸோடு வந்தார்.

"இன்னாம்மா, எழுந்தாரா உன் மகாராஜா?"

அக்கா கம்ப்யூட்டரை அணைத்து, திரும்பப் போட்டு, பாஸ்வேர்டு அடித்தார். முதலாளி டீயை ஊதிக்கொண்டே பார்த்தார். முதல் மிடறு தொண்டையில் இறங்குவதற்குள் ஐகான்கள் வரிசையாக வந்து நின்றன.

"அட. வாயே சுட்டுடுச்சே," என்றார். "சரி, சரி. வெளிய குடுக்கிறதெல்லாம் வேணாம். கல்யாணப் பத்திரிகை ஒண்ணு இருக்கு பாரு, அத மொதல்ல முடி."

"முடிச்சுடுறேங்க."

தையல்நாயகி அக்கா இப்போதும் நெல்லித்தோப்பில் அதே கடையில்தான் வேலை பார்க்கிறார். ஃபாண்ட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. பொங்கலுக்குப் பிறகு கடைக்கு இரண்டாவதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார்.