தேங்காய் எண்ணெயில் ஒரு கம்ப்யூட்டர்

புதுப்பட்டினத்துக் கடற்காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். ஒரு நாள் வந்து கால் நனைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன, பேசலாம். இங்கேயே குடியிருப்பவர்களைக் கேட்டால் துருவேறிய ஜன்னல் கம்பியைக் காட்டுவார்கள், சைக்கிள் செயினைக் காட்டுவார்கள். துர்காதேவியைக் கேட்டால் கட்டிலுக்கடியிலிருந்து செத்துப்போன மூன்று கம்ப்யூட்டர்களை இழுத்துப் போட்டுக் காட்டுவாள்.

துர்காதேவி கல்யாண ஆல்பம் செய்கிறவள். படம் எடுப்பது அவள் இல்லை. எடுத்தவர்கள் பென் டிரைவில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அத்தை கண்ணை மூடியிருப்பது, சித்தப்பா பந்தியில் கொட்டாவி விடுவது எல்லாவற்றையும் கழித்து, மீதியைப் பக்கம் பக்கமாக அடுக்கி, தாலி கட்டும் படத்துக்கு மட்டும் இரண்டு பக்கத்தை விரித்துக் கொடுத்து, அச்சுக்கு அனுப்புவாள். கடைசிப் பக்கத்து மூலையில், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவில், 'துர்கா டிசைன்ஸ், புதுப்பட்டினம்' என்று இருக்கும். எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதைப் படித்திருக்கப்போவதில்லை. அவள் மட்டும் ஆல்பம் கைக்கு வந்ததும் முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பாள். மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்தவள். இந்த ஆல்பங்களுக்கு முன்னால் அவள் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, அவளுடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகையில்.

கம்ப்யூட்டர்கள் ஏன் செத்தன என்றால், சூடு தணிய உள்ளே விசிறி சுற்றுகிறது அல்லவா, அது கடற்காற்றை உப்போடு சேர்த்து உறிஞ்சி மதர்போர்டு முழுக்கப் பூசிவிடும். கொஞ்ச நாளில் பச்சை பூக்கும். பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், அணைந்துவிடும். பழுது பார்க்க வந்தவர் மூன்றாவது தடவை திறந்து பார்த்துவிட்டு, மிஷினில் கோளாறு இல்லை, உங்கள் வீட்டில்தான் கோளாறு என்றார்.

அவள் கணவன் மோகன் கல்பாக்கம் ஊழியர்களுக்கு வேன் ஓட்டுகிறான். நல்ல மனுஷன், ஆனால் எத்தனை தடவைதான் பொறுப்பான்? அவனுடைய அண்ணன் அருணகிரிக்குக் கடற்காற்று எட்டாத கருங்குழியில், ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே ஸ்டூடியோ. ஏ.சி. போட்ட அறை, புது மிஷின். "வந்துடுங்க, எல்லாம் ஒண்ணா இருக்கலாம்" என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது துர்காதேவி மெல்லக் கேட்டுப் பார்த்தாள், ஆல்பத்தில் என் பெயரையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று. ஒரே குடும்பத்துக்குள் உன் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. எங்கேயோ வெளிநாட்டில் ஒருவன் மீன் தொட்டிக்குள் கம்ப்யூட்டரை அப்படியே இறக்கி, மேலே எண்ணெயை ஊற்றுகிறான். அது பாட்டுக்கு ஓடுகிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்கிறான். அவன் கவலை சூடு. துர்காதேவிக்கோ வேறொன்று பளிச்சென்று பிடிபட்டது. எண்ணெய்க்குள் இருப்பதன் மேல் காற்று படாது. காற்று படாவிட்டால் உப்பும் படாது.

அவன் ஊற்றியது என்ன எண்ணெய் என்று கடை கடையாகக் கேட்டுப் பார்த்தாள், யாருக்கும் தெரியவில்லை. சரி, எண்ணெய்க்கா பஞ்சம்? தம்பி ராஜாராமின் தோப்புத் தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய், டின் டின்னாக வந்து இறங்கியது. பிறந்த வீட்டுச் சீதனம் கம்ப்யூட்டருக்குப் போன முதல் குடும்பம் இதுவாகத்தான் இருக்கும். வீடியோவில் எச்சரித்தபடி ஹார்டு டிஸ்க்கை மட்டும் தொட்டிக்கு வெளியே, ஒரு டிபன் டப்பாவில் மூடி வைத்தாள். எண்ணெய் அசைந்து சுற்றிவர மீன் தொட்டி மோட்டார் ஒன்றைப் போட்டாள்.

மோகன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பொரிக்கப் போகிறாயா, தாளிக்கப் போகிறாயா என்றுதான் கேட்டான். பிறகு ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் இதுவும் படுத்துவிட்டால் மறுபேச்சு இல்லாமல் கருங்குழிக்குப் போய்விடுவது. துர்காதேவி சரி என்றாள்.

கார்த்திகை முகூர்த்தங்கள் முழுக்க அந்தத் தொட்டி அசராமல் ஓடியது. விசிறி இரைச்சல் போயே போயிற்று. வீடு எந்நேரமும் எண்ணெய் தேய்த்துத் தலைவாரிய பெண்ணைப் போல மணத்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டாள்.

மார்கழி வந்தது. மார்கழியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? கல்யாணம் இல்லையென்றால் ஆல்பமும் இல்லை. மிஷினை அணைத்து, தூசி விழாமல் தொட்டி மேல் பழைய புடவை ஒன்றைப் போர்த்திவிட்டு, வாசலில் பெரிய பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பனியும் சற்று அதிகம். தினமும் காலையில் உறைந்து போன தலை எண்ணெய் பாட்டிலை எடுத்துக் காம்பவுண்டுச் சுவர் மேல் வெயிலில் வைப்பாள், எல்லா வீட்டுப் பெண்களையும் போல. பாட்டிலில் இருப்பதும் தொட்டியில் இருப்பதும் ஒரே தோப்பு எண்ணெய் என்பது மட்டும் அந்த மண்டையில் உறைக்கவே இல்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, ரங்கநாயகி டீச்சர் வந்தார். கார்த்திகையில் அவர் மகள் மதுவந்திக்குக் கல்யாணமாகியிருந்தது. ஆல்பம் முக்கால்வாசி முடிந்திருந்தது, ஊஞ்சல் படங்களை டீச்சர் தேர்ந்தெடுக்காமல் இழுத்தடித்ததால் நின்றுபோயிருந்தது. இப்போது தேர்ந்தெடுத்துவிட்டாராம்.

"தலைப் பொங்கல் சீரோட ஆல்பத்தையும் வெச்சுக் குடுக்கணும்னு ஆசைம்மா. சாயங்காலத்துக்குள்ள அச்சுக்குப் போயிடுமோல்லியோ?"

போய்விடும் என்று துர்காதேவி தைரியமாகச் சொல்லி அனுப்பினாள். உள்ளே வந்து புடவையை விலக்கினாள். தொட்டி முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. கம்ப்யூட்டரே கண்ணுக்குத் தெரியவில்லை. பதறிப்போய், செய்யக்கூடாததைச் செய்தாள், சுவிட்சைப் போட்டாள். மோட்டார் சுற்ற முடியாமல் முனகியது. திரை ஒரு தடவை வெளிச்சம் காட்டிவிட்டு, அதுவும் அணைந்தது.

மோகன் காலை டிரிப் முடித்து நாஸ்தாவுக்கு வந்தவன், தொட்டியைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அந்த டிபன் டப்பாவில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள், வேனிலேயே கருங்குழியில் கொண்டுபோய் விடுகிறேன், அண்ணன் மிஷினில் உட்கார்ந்து முடித்துவிடு, டீச்சருக்குச் சொன்ன சொல் தப்பாது என்றான். போனைக்கூட எடுத்துவிட்டான்.

அவன் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அங்க போனா கடைசிப் பக்கத்துல என் பேரு வராதுங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மோகனுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமாக அவள் சொன்ன காரணங்கள் வேறு. இங்கே வாடிக்கை பழகிவிட்டது என்பாள், கருங்குழியில் லாரி சத்தம் என்பாள். பெயர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் அலமாரியிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அவன் கண்ணருகே கொண்டுபோய், விரலை வைத்துப் படித்தான்.

"இத்த ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றே அவள் நினைத்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தான், கையில் தலை எண்ணெய் பாட்டில். சுவர் மேல் வெயிலில் இருந்தது. பாதி உருகி, பாட்டிலுக்குள் எண்ணெய் ஆடிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் அதை ஒரு தடவை ஆட்டிக் காட்டினான்.

"மண்ட, மண்ட. அந்தப் பக்கம் புடி."

ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, தொட்டியைப் பலகையில் ஏற்றி, இருவரும் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வெயிலில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி எட்டிப் பார்த்து, சோப்பு காய்ச்சுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான் மோகன். அடுத்த டிரிப்புக்குத் தெரிந்த டிரைவர் ஒருவனை அனுப்பிவிட்டு, அவனும் தொட்டி பக்கத்திலேயே குந்திக்கொண்டான்.

முதலில் ஓரம் கண்ணாடியாகத் தெளிந்தது. பிறகு நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டி மட்டும் மிதந்தது. வெயில் ஏற ஏற அதுவும் கரைந்து, மதர்போர்டு மெல்ல மெல்லத் தெரிய வந்தது. துர்காதேவி குனிந்து பார்த்தாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் இத்தனை மாதத்தில் பச்சை பூத்திருக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. கடையிலிருந்து பிரித்த அன்றைக்கு இருந்த மாதிரியே மின்னியது. அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. சுவிட்சைப் போட்டால் எழுமா எழாதா என்கிற பயத்தைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டாள்.

உள்ளே கொண்டுபோய் வைத்துச் சுவிட்சைப் போட்டது மோகன்தான். அவள் கையை நீட்டவில்லை. மோட்டார் இரண்டு தடவை இருமியது, பிறகு எண்ணெய் அசைந்தது, குமிழ் குமிழாக மேலே வந்தது. திரை விழித்தது. சற்று நேரத்தில் மதுவந்தி ஊஞ்சலில் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டீச்சர் வருவதற்கு முன்னாலேயே ஆல்பம் அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பக்கத்து மூலையில் அந்த மூன்று சொல் முகவரியும் போயிற்று.

பொங்கலும் காணும் பொங்கலும் கழிந்தன. அதற்கடுத்த நாள் மோகன் மதுராந்தகம் போய்விட்டு, ஒரு பெரிய கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்து தொட்டி பக்கத்தில் இறக்கினான். மூடியைத் திறந்தால் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற கடையில் சொல்லி வாங்கின புது டிரான்ஸ்பார்மர் எண்ணெயாம். கரண்டு ஓடுகிற பெட்டிக்குள் ஊற்றுவதற்கென்றே வருகிறதாம்.

பழைய எண்ணெயைக் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிடலாமா, கம்ப்யூட்டர் குளித்த எண்ணெயைச் சாமி ஏற்குமா என்று துர்காதேவி யோசித்துக்கொண்டிருந்தாள். மோகன் தொட்டியைக் கழுவத் துணி தேடிக்கொண்டே சொன்னான்:

"இது மார்கழில உறையாதாம். ரெண்டு தபா கேட்டுகினுதான் வந்தேன்."

தை பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.